ஜெனீவாவுக்கு எட்டு கிலோ

அண்டர் செக்ரட்டரி வாசுதேவன் மத்திய சர்க்காரில் முப்பத்தாறு வருஷம் குப்பை கொட்டியவர். பாஸ்போர்ட்டை ஒழுங்காகப் புதுப்பித்துக்கொண்டே வந்தார். ஒரு முத்திரைகூட அதில் விழுந்ததில்லை. ரிட்டயராக இரண்டு மாதம் இருக்கும்போது ஜெனீவாவுக்குப் போகச் சொல்லி ஆர்டர் வந்தது. மூன்று நாள் கூட்டம். போவது இரண்டே பேர்: ஜாயின்ட் செக்ரட்டரி மீனாக்ஷி, கூடவே இவர்.

தன்னை எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்று அவர் யோசிக்கவே இல்லை. கப்பல் சரக்குப் பெட்டிகளில் ஒட்டுகிற சீட்டு எத்தனை அங்குலம் இருக்க வேண்டும் என்று பதினாலு வருஷமாக நாடுகள் சண்டை போட்டுக்கொண்டிருக்கின்றன. அந்த ஃபைலைத் திறந்ததே வாசுதேவன்தான். அதிகாரிகள் வந்தார்கள், மாற்றலாகிப் போனார்கள். ஃபைலும் இவரும் அங்கேயே இருந்தார்கள். கூட்டத்தில் ஒரே ஒரு தடவை மேடம் தன் பக்கம் திரும்பிக் கேட்க வேண்டும், தான் பக்கத்தைப் புரட்டிக் காட்ட வேண்டும். அவ்வளவுதான் அவர் ஆசை. மனுஷருக்கு உள்ளூரக் கர்வம்தான். பாவம், வேறு எதற்கு அவர் கர்வப்பட்டார்?

குழப்பம் மேடத்தின் ஒரு மெஸேஜில் ஆரம்பித்தது. கைப்பெட்டி மட்டும்தான், எட்டு கிலோ. இறங்கியதும் நேரே கூட்டம், பெட்டிக்காகக் காத்து நிற்க நேரமில்லை. வாசுதேவன் அதை சர்க்குலர் படிப்பது போல நாலு தடவை படித்தார். மேல்கோட்டு இந்த எட்டில் சேர்த்தியா? உடம்பில் போட்டிருக்கிற ஸ்வெட்டர்? மருந்து டப்பா? விளக்கம் ஒன்றும் இல்லை. கேட்கலாம், கேட்டால் இதுகூடத் தெரியாதா என்று நினைத்துவிட்டால்?

டில்லி கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில், பதினோராவது மாடியில், சனிக்கிழமை காலை கட்டில் நிறைய சாமான் பரப்பினார்கள். மனைவி வத்சலாவின் கட்சி ஒன்று: குளிர் தேசம், சாப்பாடு கிடைக்காது, ஆகவே கம்பளி, அவல், பருப்புப்பொடி, தண்ணீர் சுடவைக்கக் கெட்டில். கீழ் வீட்டு சேஷன் இரண்டு தடவை வெளிநாடு போனவர். ஷூ இரண்டு ஜோடி இல்லாமல் போகவே கூடாது என்று போனில் சொல்லிவிட்டார். பிள்ளை ப்ரசன்னா குர்காவ்னில் கம்ப்யூட்டர் வேலை. டில்லியிலேயே பிறந்து வளர்ந்தவன். அவன் வந்து பாதியைத் தூக்கிக் கீழே போட்டான்.

"அப்பா, தீன் தின் ஹை யார், மூணே நாள். ரெண்டு ஷர்ட் போறும்."

அப்பாவைப் போய், சிநேகிதனைக் கூப்பிடுகிற மாதிரி, 'யார்' என்று கூப்பிடுகிறானே என்று வத்சலா ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தாள். அவன் காதிலேயே போட்டுக்கொள்ளாமல், சட்டையை மடிக்கக் கூடாது, சுருட்ட வேண்டும் என்று செய்து காட்டினான். சுருட்டினால் எடை எப்படிக் குறையும் என்று வாசுதேவன் கேட்டார். இடம்தான் குறையும் என்றான். அவருக்கு இடம் பிரச்சினையே இல்லை, எடைதான் பிரச்சினை. ஆளுக்கு ஆள் ஒன்று சொல்ல, கடைசியில் தனக்கு என்ன வேண்டும் என்பதே அவருக்கு மறந்து போயிற்று.

ஒன்று மட்டும் மறக்கவில்லை. பீரோவிலிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்து வந்து பெட்டிக்குள் வைத்தார். ஃபைலின் ஜெராக்ஸ், தொள்ளாயிரம் தாள். பாத்ரூம் தராசில் நிறுத்ததில் நாலரை கிலோ.

எல்லாம்தான் கம்ப்யூட்டரில் இருக்கிறதே என்றான் ப்ரசன்னா. முகப்பு மட்டும்தான் இருக்கிறது என்றார் வாசுதேவன். ஸ்கேன் செய்தவன் தாள்களின் பின்பக்கத்தை விட்டுவிட்டான். அதிகாரிகள் பேனாவால் எழுதிய குறிப்பெல்லாம் பின்பக்கத்தில்தான் இருக்கிறது. அங்கே யாராவது கேட்டால்?

காலிப் பெட்டியே இரண்டு கிலோ. மிச்சம் ஒன்றரை. கெட்டில் போயிற்று, அவல் போயிற்று, இரண்டாவது ஷூ போயிற்று. சட்டையில் ஒன்றும் போயிற்று.

வத்சலா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "நீங்க போறேளா, ஃபைல் போறதா?" என்றாள்.

நியாயமாகப் பார்த்தால், அவருக்கே அதில் சந்தேகம் இருந்தது.

திங்கட்கிழமை மத்தியானம் விமானம். இரண்டு சட்டை, ஸ்வெட்டர், கோட்டு என்று ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு ஏர்போர்ட்டில் வியர்த்து வழிய நின்றார். கவுன்டர் தராசு ஒன்பது கிலோ என்றது. பெட்டியைத் திறந்தால் மேலே ஒரு பெரிய பொட்டலம், வீட்டில் சுட்ட தட்டை. கிளம்புகிற அவசரத்தில் வத்சலா செருகிவிட்டிருக்கிறாள். அதை எடுத்து வெளியே வைத்தார்.

பின்னால் நின்ற மீனாக்ஷி மேடம் எட்டிப் பார்த்தார். மதுரைக்காரர், ஆபீஸ்காரர்கள் பக்கத்தில் இல்லாவிட்டால் தமிழில்தான் பேசுவார்.

"சார், தட்டைய உள்ள வைங்க. அந்தப் பேப்பர் எல்லாம் எதுக்கு?"

வாசுதேவன் பின்பக்கத்து விவகாரத்தை விளக்க ஆரம்பித்தார். மேடம் பொறுமையாகக் கேட்டார். அந்தச் சீட்டுச் சண்டை போன மாசமே மேல்மட்டத்தில் முடிந்துவிட்டது, ஃபைலுக்கு இன்னும் வரவில்லை என்றார். எல்லா நாடும் ஒப்புக்கொண்டாயிற்று. அங்கே வாசிக்கப் போவது நாலு வரி, அது தன் போனில் இருக்கிறது.

"அப்போ நான் எதுக்கு மேடம்?"

"மார்ச்ல ரிட்டயர் ஆகறீங்க. இத்தன வருஷத்துல உங்கள ஒரு தடவகூட யாரும் வெளிநாட்டுக்கு அனுப்பலைன்னு தெரிஞ்சுது. மனசுக்குக் கஷ்டமா இருந்துச்சு. நான்தான் உங்க பேர எழுதினேன். அங்க ஒரு ஏரி இருக்கு சார், நல்லா இருக்கும். சும்மா சுத்திப் பாருங்க."

சந்தோஷப்படுவதா வெட்கப்படுவதா என்று வாசுதேவனுக்குத் தெரியவில்லை. நல்ல மனசோடு செய்திருக்கிறார், அதனாலேயே வலித்தது. ரொம்ப தாங்க்ஸ் மேடம் என்றார். இந்தத் தாள்களை என்ன செய்வது என்று கேட்டார். ஆர்டர் இல்லாமல் ஒரு துண்டுக் காகிதத்தையும் எறிந்து பழக்கமில்லாதவர். கிழித்துப் போட்டுவிடலாம் என்றார் மேடம்.

குப்பைத் தொட்டி பக்கத்தில் நின்று, கொத்துக் கொத்தாக எடுத்து நாலாகக் கிழித்துப் போட்டார். முதல் சில தாள்களைத் திருப்பிப் பார்த்தார். அப்புறம் பார்க்கவில்லை. முடித்துவிட்டு வந்து, தட்டையை உள்ளே வைத்து, பெட்டியை மறுபடி தராசில் வைத்தார். நாலரை கிலோ.

கவுன்டர் பெண்ணுக்கு அவர் முகத்தைப் பார்த்துப் பரிதாபமாகிவிட்டது போல. இன்னும் மூன்றரை கிலோ வைக்கலாம் அங்கிள், வேறு ஏதாவது இருக்கிறதா என்று ஹிந்தியில் கேட்டாள்.

வாசுதேவன் நிஜமாகவே யோசித்துப் பார்த்தார்.

"இல்லம்மா, வேற ஒண்ணும் இல்ல" என்றார், தமிழிலேயே.