மேலே பார்த்தால் ஆமாம்

எண்பதுகளில், ராஜபாளையத்தில் நான் டாக்டராகச் சேர்ந்த புதிதில், நூற்பு மில் தொழிலாளி ஒருவரைப் பேச்சு மூச்சில்லாமல் தூக்கி வந்தார்கள். ஒல்லியான உடம்பு, புருவத்தில்கூடப் பஞ்சுத் தூசி. கை, கால், முகம், நாக்கு எதுவும் அசையவில்லை. "இனி இவருக்கு ஒண்ணும் தெரியாதும்மா, வீட்டுக்குக் கொண்டு போயிரலாம்" என்று கட்டிலருகே நின்றே அவர் மனைவியிடம் சொன்னேன். அந்த அம்மா கொண்டுபோகவில்லை.

நான் போகும்போதெல்லாம் அவர் கருவிழி மேலே ஏறி இறங்கும். வெறும் துடிப்பு என்று எழுதிவைத்தேன்.

நான்காம் நாள் அந்த அம்மா சொன்னார்: "அவியளுக்கு எல்லாம் கேக்குது சார். நானும் அதே மில்லுதான். மிசின் சத்தத்துல பேச்சு எடுபடாது, கண்ணாலதான் பேசிக்கிடுவோம். மேல பாத்தா ஆமா, கீழ பாத்தா இல்ல."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூளையை முதுகுத்தண்டோடு சேர்க்கும் மூளைத்தண்டில் நடுப்பகுதி மட்டும் செத்திருக்கிறது. கண்ணை மேலும் கீழும் அசைக்கும் நரம்பு அதற்கு மேலே கிளம்புவதால் தப்பித்திருக்கிறது. காதும் நினைவும் முழுசாக இருந்தன. பாடத்தில் படித்ததுதான், பார்த்ததில்லை. அதற்கு என்னிடம் மருந்தும் இல்லை.

குனிந்து கேட்டேன்: "மொத நாள் நான் சொன்னது கேட்டுச்சா?"

கண் மேலே போனது.

"சார் மேல கோவமா?" என்று அந்த அம்மா அவரிடம் கேட்டார்.

அவர் மேலேயும் பார்க்கவில்லை, கீழேயும் பார்க்கவில்லை. குனிந்திருந்த என்னையே சிறிது நேரம் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். மில்லில் அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.