மந்திரமாகிப்போன தேவாரம்

2023 பெப்ரவரி 11, சனிக்கிழமை. வழக்கம்போலக் குளித்து, விளக்கேற்றி, போன வருடம் மாமனாரின் செத்தவீட்டில் பாடிய தேவாரத்தைப் பாடினேன். அன்றுமுதல் தினமும் அதைத்தான் பாடுகிறேன். பிறகு காரைச் சுற்றிப் பனி வழித்தேன். மாலையில் மனைவியுடன் மார்க்கம் நகரில் இருக்கும் அவளுடைய தம்பி வீட்டுக்குப் போனேன்.

விக்டோரியா மகாராணி காலத்துத் துப்பறியும் பொலிஸ்காரர் பற்றிய தொலைக்காட்சித் தொடரில் அவன் ஒருநாள் நடித்திருந்தான். எசமானைக் கொல்லும் இலங்கை வேலைக்காரன் வேடம்.

"உதில நான்தான் கொலைகாரன் அத்தான். கண் வெட்டாமப் பாருங்கோ" என்று சொல்லி அதைப் போட்டுக் காட்டினான்.

அவன் முகத்தில் கரி பூசியிருந்தார்கள். தேநீரில் நஞ்சைக் கலந்துவிட்டு அவன் முணுமுணுத்தான். 'மந்திரம் ஓதுகிறான்' என்று திரையின் அடியில் ஆங்கிலத்தில் வந்தது. அவன் ஓதியது நான் காலையில் பாடிய அதே தேவாரம்.

நான் மனைவியைத் திரும்பிப் பார்த்தேன்.

"அப்பான்ர பெட்டிக்குப் பக்கத்தில நிண்டு பாடினதெல்லே உது?" என்றாள் மனைவி.

"உன்ர பாஷையில என்னவாவது சொல்லு எண்டாங்கள். எனக்கு முழுசாப் பாடம் அதொண்டுதான் அக்கா. இஞ்ச ஆருக்கு விளங்கப்போகுது?"

"விளங்கிற ஆக்கள் உன்ர சோபாவிலதான் இருக்கினம்" என்றேன்.

அவன் சிரித்துக்கொண்டே றோல்ஸ் தட்டை நீட்டினான். நான் எடுக்கவில்லை. ஒரு சொல்கூடப் பிழைக்காமல் அவன் ஓதியிருந்ததுதான் இன்னும் அருவருப்பாக இருந்தது.

மறுநாள் காலை முதல் வேலையாக விளக்கேற்றினேன். பாட வாய் திறந்தபோது அந்தக் கரி பூசிய முகம் முன்னால் வந்து நின்றது. வேறொரு தேவாரத்தைப் பாடினேன்.