சூளையைத் திறப்பதா, சாரைக் கேட்பதா?

2006 ஏப்ரலில் ஒரு வியாழக்கிழமை விருத்தாசலம் போனேன். புதுச்சேரியில் நான் பாடம் நடத்தும் கல்லூரிக்கு ஓராண்டு படிக்க வந்திருந்த நெதர்லாந்து மார்க்கும் கென்யா வாஞ்சிருவும் கூட வந்தார்கள். என்ன நடக்கும் என்று தெரியாதபோது எந்த நாட்டு மாணவர் எப்படி முடிவெடுக்கிறார் என்று ஒரு கட்டுரை எழுதும் நினைப்பு எனக்கு. (இன்றுவரை எழுதவில்லை.)

காலை 6.40க்குக் கடலூர் வழி பஸ். எண்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல், டிக்கெட் 28 ரூபாய். 9.20க்கு இறங்கினோம். பீங்கான் சாமான் செய்யும் ஷெட்டுகளுக்குப் போக ஆட்டோக்காரர் நாற்பது கேட்டு முப்பதுக்கு வந்தார். "வெயிலுக்கு முன்னாடி பாத்துட்டு வந்துடுங்க, அங்க நிக்க முடியாது" என்றார். உண்மைதான்.

ஒரு ஷெட்டில் செல்வியைப் பார்த்தோம். திட்டக்குடிப் பெண், பீங்கான் டிப்ளமோ கடைசி வருடம். அவள் செய்த பன்னிரண்டு இன்சுலேட்டர்கள் (மின்கம்பத்தில் கம்பியைத் தாங்குமே, அது) சூளைக்குள் இருந்தன. முந்தின நாள் மாலைதான் தீயை நிறுத்தியிருந்தார்கள். முழுக்க ஆற வெள்ளிக்கிழமை காலை ஆகும். தேர்வாளரோ அன்று மாலை நாலு மணிக்கு வருகிறார். விரிசல் இல்லாமல் ஆறு காட்ட வேண்டும். தவறினால் ஆறு மாதம் கழித்துத்தான் தேர்வு, ஜூனில் ஓசூரில் சேர வேண்டிய வேலையும் போச்சு.

"இப்பவே தொறந்தா பாதி ஒடையும். நாளைக்குன்னா சார் ஊருக்குப் போனாலும் போயிடுவாங்க" என்றாள்.

மார்க் யோசிக்கவே இல்லை. "அவருக்கே போன் செய்து கேட்டால் என்ன?" ஷெட் மேசையில் போன் இருந்தது. நான் தமிழில் சொன்னதும் செல்வி பதறிவிட்டாள். "ஐயோ, அதெப்படிங்க சார்? திமிருன்னு நெனச்சுக்குவாங்க." சூளையைத் திறக்கத் துணிந்தவளுக்குப் போன்தான் பயம். மார்க்குக்கு இது கடைசிவரை புரியவில்லை.

வாஞ்சிரு வேறு வழி சொன்னாள். அவள் ஊரில் இந்த மாதிரி விஷயத்துக்குப் பெரியவருக்குச் சமமான ஒருவரைப் பேச அனுப்புவார்களாம். "நீங்களும் ஆசிரியர்தானே, நீங்கள் கேளுங்களேன்" என்றாள். வேடிக்கை பார்க்க வந்த இடத்தில் நமக்கெதற்கு வம்பு என்று சிரித்து மழுப்பினேன். மூவர் சொன்னதையும் நோட்டில் குறித்துக்கொண்டேன்.

கடைசியில் திறந்துவிடலாம் என்று செல்வி சொல்லவே, பன்னிரண்டரைக்குச் சூளை வாசலின் செங்கற்களை ஒவ்வொன்றாக எடுத்தார்கள். உள்ளே டிங், டிங் என்று விரிசல் விடும் சத்தம். செல்வி விரலை மடக்கி எண்ணிக்கொண்டு நின்றாள். தேறியது ஐந்து.

நாலு மணிக்குத் தேர்வாளர் வந்தார். நல்ல மனிதர். "என்னம்மா அவசரம்? நான் சனிக்கெழமதான் ஊருக்குப் போறேன். ஒரு போன் பண்ணியிருந்தா நாளைக்கு வந்திருப்பேனே" என்றார். ஐந்தை ஏற்க விதியில் இடமில்லை. செல்வி "சரிங்க சார்" என்றாள், அவ்வளவுதான். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வெட்கமாக இருந்தது.

போக நினைப்பவர்கள் பதினொரு மணிக்குள் ஷெட்டுகளைப் பார்த்துவிடுங்கள், தண்ணீர் எடுத்துப் போங்கள். பஸ் நிலையம் பக்கம் சாப்பாடு 25 ரூபாய், சுமார். சின்ன பீங்கான் பொம்மை பத்து ரூபாய், பேரம் பேசாதீர்கள்.

திரும்பும் பஸ்ஸில் மார்க் கேட்டான், "உங்கள் மாணவர்கள் உங்களுக்குப் போன் செய்வார்களா?" பதினொரு வருடமாகப் பாடம் நடத்துகிறேன். ஒருவர்கூடச் செய்ததில்லை. அதை மரியாதை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.