கட்டில்காரியின் இரண்டு அறைகள்

அவளை எங்கள் கட்டடத்தில் எல்லோரும் கட்டில்காரி என்றுதான் சொல்வோம். முதலில் அப்படிச் சொன்னது நான். அவர்கள் வீடு இரண்டாம் மாடி, என் வீடு அதற்கு நேர் கீழே. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கொஞ்சம் கண் அசரலாம் என்று படுத்தால், தலைக்கு மேலே இரும்புக் கட்டிலின் கால் தரையைக் கீறிக்கொண்டு ஜன்னல் பக்கம் போகும். அடுத்த முறை ஜன்னல் பக்கத்திலிருந்து கதவுப் பக்கம் வரும். ஒருநாள் பொறுக்க முடியாமல் மேலே போனேன்.

"ஏம்மா, அந்தக் கட்டில் என்ன பாவம் பண்ணுச்சு? ஒரு இடத்துல இருக்க விடேன்."

அவள் முகமெல்லாம் வியர்வையாகச் சிரித்தாள். "உள்ள வந்து பாருங்கக்கா. வேற வீட்டுக்குக் குடி வந்த மாதிரி இல்ல?"

உண்மையில் அப்படித்தான் இருந்தது. திட்ட வந்தவள் டீ குடித்துவிட்டு இறங்கினேன்.

அவள் ஒரு லாட்ஜில் அறைகளைச் சுத்தம் செய்கிறவள். நாளைக்குப் பதினாறு அறை. பதினாறு கட்டிலுக்கும் விரிப்பு மாற்றி, சுருக்கம் இல்லாமல் இழுத்துச் செருகிவிட்டு வர வேண்டும். அங்கே கழித்துப் போடுகிற எதுவும் அவள் கைக்கு வந்தால் பிழைத்துக்கொள்ளும். நடுவில் நைந்துபோன விரிப்பை நீளவாக்கில் கிழித்து, நன்றாயிருக்கும் ஓரங்கள் இரண்டும் நடுவில் வரும்படி சேர்த்துத் தைப்பாள். வெளுத்த திரைச்சீலையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பித் தைப்பாள். மூலை உடைந்த நிலைக்கண்ணாடி ஒன்று கிடைத்தது. அதை ஜன்னலுக்கு எதிரே சாய்த்து வைத்து, இருக்கிற ஒரு ஜன்னலை இரண்டாக்கினாள். பெயின்ட் கடையில் நிறம் தப்பிப்போய் யாரும் எடுக்காத டப்பாக்களைக் கெஞ்சி வாங்கி, ஒன்றில் ஒன்றை ஊற்றிக் கலந்து அடிப்பாள். அந்த நிறங்களுக்கெல்லாம் பெயர் கிடையாது. விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பார்கள். அவள் விரலைவிடக் கொஞ்சம் தாராளமாகவே வீங்க வைத்தாள்.

கட்டில் அவள் புருஷன் செய்தது. அவர் கிரில் பட்டறையில் வெல்டர். பட்டறையில் மிஞ்சிய இரும்பில் பற்றவைத்த கட்டில், யானை ஏறினாலும் அசையாது. "ஆட்டைத் தூக்கி மாட்டுல போடு, மாட்டைத் தூக்கி ஆட்டுல போடு. உனக்கு இதே பொழப்பு" என்று திட்டுவார். திட்டிக்கொண்டே மறுபக்கத்தைப் பிடித்துத் தூக்குவார்.

வீட்டில் இரண்டு படுக்கையறை. காற்று வருகிற பெரிய ஜன்னல் அறை ஒரே மகளுக்கு. எதிரே அடுத்த கட்டடத்தின் சுவரைப் பார்த்த சின்ன அறை இவர்களுக்கு.

மகளுக்குக் கல்யாணம் பேசத் தொடங்கிய வருஷத்தில் வெல்டர் மாறிப்போனார். கட்டிலில் கை வைத்தாலே, "இருக்கறது இருந்த இடத்துல இருக்கட்டும்" என்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் போட்ட சத்தம் எனக்குக் கீழே கேட்டது. அதுவரை அந்த மனுஷன் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அவள் அதை வயசின் கணக்கில் எழுதினாள். சைக்கிளை விட்டுவிட்டு நடந்து போக ஆரம்பித்தார். உடம்புக்கு நல்லது என்றார். டம்ளரை அடிக்கடி தட்டிவிட்டார். கவனம் எங்க இருக்கு என்று இவள் கேட்டாள். கண்ணில் நீர் வடிந்தது. வெல்டர் கண்ணில் நீர் வடியாமல் வேறு யார் கண்ணில் வடியும்?

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. மகள் வேறு ஊருக்குப் போனாள். பெரிய ஜன்னல் அறை இரண்டு வாரம் சாத்தியே கிடந்தது. மூன்றாவது வாரம் அவள் லாட்ஜில் ஒருநாள் லீவு போட்டாள். கூட வேலை செய்கிறவள் ஒருத்தியைத் துணைக்கு அழைத்து வந்து, சின்ன அறையில் இருந்ததையெல்லாம் பெரிய அறைக்கும், பெரிய அறையில் இருந்ததைச் சின்ன அறைக்கும் மாற்றினாள். இருபத்தேழு வருஷம் சுவரைப் பார்த்துப் படுத்த மனுஷன் இனிமேலாவது வானத்தைப் பார்த்துப் படுக்கட்டும் என்று நினைத்தாளாம். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பார்.

சாயங்காலம் ஆறு மணிக்கு வெல்டர் வந்தார். அவள் அடுப்படியில் கை கழுவிக்கொண்டிருந்தாள். அவள் வெளியே வருவதற்குள், தினமும் போகிற மாதிரியே சட்டையைக் கழற்றிக்கொண்டு நேராகச் சின்ன அறைக்குள் போனார். அவர் பார்வை எதிர்ச்சுவரில் சட்டை மாட்டுகிற ஆணியில் இருந்தது. ஆணிக்கும் அவருக்கும் நடுவே மகளின் தையல் மெஷின் நின்றது.

அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. அது கட்டில் நகர்கிற சத்தமில்லை. மேலே ஓடினேன். மெஷின் கவிழ்ந்து கிடந்தது. அவர் வலது கை அதன் அடியில். விளக்கு எரிந்துகொண்டிருந்தது, வெளிச்சத்துக்கு ஒரு குறையும் இல்லை.

"இவ்ளோ பெருசா நிக்குதேங்க. இது தெரியலையா? இது தெரியலையா உங்களுக்கு?" என்று அவள் கேட்டுக்கொண்டே மெஷினைத் தூக்கினாள். 

மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. கட்டுப் போட்ட டாக்டர், பக்கவாட்டில் நீட்டிய மாத்திரையை அவர் வாங்காமல் உட்கார்ந்திருப்பதைக் கவனித்தார். கண் பிரிவுக்குப் போகச் சொன்னார். அங்கே இருந்த டாக்டரம்மா அவருக்கு எதிரே உட்கார்ந்து, இரண்டு கையையும் இரண்டு பக்கம் விரித்தார்.

"என் மூக்கையே பாருங்க. பாத்துக்கிட்டே சொல்லுங்க, எத்தனை விரல் காட்டுறேன்?"

வெல்டர் கொஞ்ச நேரம் மூக்கையே பார்த்தார். "எந்தக் கையில?" என்றார்.

"கை தெரியுதா உங்களுக்கு?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்குப் பின்னால் நின்ற அவளுக்கு இரண்டு கையும், விரித்த ஏழு விரலும் தெரிந்தன.

கண்ணுக்குள் அழுத்தம் கூடுகிற நோய். ஓரத்திலிருந்து பார்வையைத் தின்றுகொண்டே நடுவுக்கு வரும். போனது திரும்பாது. இருப்பதைச் சொட்டு மருந்து போட்டுக் கொஞ்ச காலம் காப்பாற்றிப் பார்க்கலாம். இப்போது அவருக்கு மிஞ்சியிருப்பது ஒரு குழாய் வழியாகப் பார்க்கிற அளவுதான் என்றார் டாக்டரம்மா. "ஒரு வருஷம் முன்னாடி கூட்டிட்டு வந்திருந்தீங்கன்னா" என்று ஆரம்பித்து, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

பஸ்ஸில் திரும்பும்போது அவள் கேட்டாள். "எப்பருந்து?"

"போன வருஷம் மழைக்கு முன்னாடி."

"ஏன் சொல்லல?"

"சொன்னா பட்டறையில வச்சிருப்பானா? பொண்ணு கல்யாணம் முடியட்டும்னு இருந்தேன்." ஒரு நிறுத்தம் போன பிறகு அவரே சொன்னார். "பத்தவைக்கிற இடம் நேரா இருக்கும், அது தெரியும். வீட்டுலயும் எல்லாம் காலடி எண்ணி வச்சிருந்தேன். வாசல்லருந்து நம்ம ரூமுக்கு ஏழு. கதவுலருந்து ஆணிக்கு நாலு. கட்டில்லருந்து பீரோவுக்கு மூணு. நீ எதையும் தொடாம இருந்தாப் போதும்னு இருந்துச்சு."

மறுநாள் அவள் தனியாளாக எல்லாவற்றையும் பழைய இடத்துக்கே கொண்டுவந்தாள். அன்று உதவிக்கு யாரையும் கூப்பிடவில்லை. நான் போனபோதும் வேண்டாம் என்றாள். தரையில் கட்டில் கால் பதிந்த பழைய வட்டங்களைத் தேடி, அதன்மேலேயே காலை வைத்தாள். வெல்டர் கையைக் கழுத்தில் தொட்டில்போல் கட்டிக்கொண்டு நடையில் உட்கார்ந்து, சத்தத்தை வைத்தே வேலை எதுவரை வந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் எழுந்து ஏழு வைத்தார், நாலு வைத்தார், மூணு வைத்தார். நடை பழகுகிற குழந்தையின் பின்னால் போகிற மாதிரி அவள் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பின்னாலேயே போனாள். "கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்" என்று கட்டடத்தில் யாரோ அவள் காதுபடவே சொன்னார்கள்.

மணிக்கட்டு கோணலாகச் சேர்ந்தது. பட்டறையில் நல்லபடியாகப் பேசி அனுப்பிவிட்டார்கள். இரண்டு வருஷத்தில் அந்தக் குழாயும் அடைத்துக்கொண்டது. என் தலைக்கு மேலே சத்தமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் நன்றாகத் தூங்கலாம். எனக்குத் தூக்கம் வரவில்லை.

வீட்டில் பொருள்கள் ஆணி அடித்த மாதிரி நின்றன. மகள் வந்து பையை வழியில் வைத்துவிட்டால், "எடுடி அதை" என்று இவள் ஓடுவாள். லாட்ஜில் கூடவே வேலை செய்கிறவர்கள் நல்ல திரைச்சீலையாக எடுத்து வைத்து நீட்டினார்கள். அவள் வாங்கவில்லை. சுவரில் பெயின்ட் உரிந்தது. பெயின்ட் அடிப்பதென்றால் பீரோவை நகர்த்த வேண்டும்.

லாட்ஜ் கைமாறியது. பதினாறு அறை இருபத்திரண்டு ஆனது. அவளுக்கு இடுப்புவலி வந்தது. வெல்டருக்கு நாக்கு நீண்டது. நாள் முழுக்க வீட்டில் தனியாக இருக்கிறவர், எல்லாவற்றையும் விரலால் தடவிப் பார்த்து வைத்திருந்து, அவள் வந்ததும் குறை சொல்வார். சோப்பு ஒரு விரக்கடை தள்ளியிருந்தது, துண்டு மடிப்பு மாறியிருந்தது, இப்படி. ஒருநாள் காலையில் சீப்பு இடத்தில் இல்லை.

"உனக்குத்தான் ரெண்டு கண்ணும் இருக்கே. இருந்து என்ன பிரயோஜனம்?"

அவள் சீப்பைத் தேடிக் கொடுத்தாள். வாங்கி வைத்துக்கொண்டு அவர் சொன்னார்: "அன்னிக்கு நீதான என்னைத் தள்ளிவிட்ட."

நாலு வருஷத்தில் முதல்முறையாக அந்தச் சொல் வந்தது. அவள் தலைமுடியை அள்ளிக் கட்டிக்கொண்டாள். பையை எடுத்தாள். போகிற போக்கில், கட்டிலின் கால்மாட்டில் இருந்த மர நாற்காலியை அவர் நடக்கிற வழிக்குள் ஒரு சாண் தள்ளிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

மூன்றாவது அறையில் செருகிய விரிப்பையே மறுபடி உருவிச் செருகினாள். திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தாள். போகவில்லை. இருபத்திரண்டு அறையும் முடித்துவிட்டே வந்தாள். வெல்டர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். முழங்காலுக்குக் கீழே தோல் கிழிந்து, ரத்தம் வழிந்து காய்ந்திருந்தது.

"நாற்காலி நகர்ந்திருக்கா?" என்று கேட்டார்.

"இல்லையே. அங்கதான இருக்கு."

"சரி" என்றார்.

அவர் குளியலறைக்குப் போயிருந்தபோது நாற்காலியைப் பழைய இடத்தில் வைத்தாள். மறுநாளிலிருந்து வெல்டர் தன் வீட்டுக்குள்ளேயே கையை முன்னால் நீட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். முழுக்கக் கண் போன பிறகும் அவர் அப்படி நடந்ததில்லை. தெருவில் அவள் தோளைப் பிடித்து நடப்பார், வீட்டுக்குள் கைவீசி நடப்பார். அது போய்விட்டது.

மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது அவள் எனக்கு இதைச் சொன்னாள். "ஒரு சாண்தான்க்கா" என்றாள். நான் "விடு, வேணும்னா பண்ண" என்றேன். வேண்டுமென்றுதான் செய்தாள் என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஈரத்துணியைப் பிழிந்துகொண்டே நின்றோம்.

அவரிடம் சொல்ல அவளுக்கு ஒரு வருஷம் ஆனது. ஒரு லீவு நாள் மத்தியானம், அவர் நகத்தை வெட்டிவிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னாள். வெல்டர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"தெரியும்" என்றார். "நாற்காலிக்கு நாலு கால் இருக்கு. நடக்கவா தெரியும்?"

"பின்ன ஏங்க அன்னிக்குக் கேட்டீங்க?"

"நீ என்ன சொல்றன்னு பாக்கத்தான்."

அவள் வெகுநேரம் அழுதாள். மற்றக் கையின் நகத்தையும் அழுதுகொண்டே வெட்டினாள். கடைசியில், "இப்ப சொல்லிட்டேன்ல. இனிமே கையை இறக்கிட்டு நடங்களேன்" என்றாள்.

"நானா தூக்குறேன்? அதுவா வருது."

பிறகு மருமகன் வந்து நடையின் ஒரு பக்கச் சுவரில் இரும்புக் குழாய் ஒன்றைப் பதித்துக் கொடுத்தான். பழைய பட்டறையில் கொடுத்த குழாய். எந்த உயரத்தில் வர வேண்டும், எங்கே வளைய வேண்டும் என்று வெல்டர் கூடவே நின்று தடவித் தடவிச் சொன்னார், பற்றவைப்பு ஒரு இடத்தில் கரடாக இருக்கிறது என்று அதையும் தேய்க்க வைத்தார். அன்றைக்கு ஒருநாள் வீட்டில் பேச்சுச் சத்தம் இருந்தது. நடையில் இப்போது குழாயைப் பிடித்துக்கொண்டு போகிறார். குழாய் முடிகிற இடத்தில் கை முன்னால் வந்துவிடுகிறது.

அவளுக்கு ஐம்பத்தெட்டு ஆகிறது. லாட்ஜ் வேலையை இன்னும் விடவில்லை. சாயங்காலம் சாவி போட்டுக் கதவைத் திறந்ததும் அவள் உள்ளே நடப்பதில்லை. வாசலிலேயே நின்றுகொண்டு, "நான்தான். கதவுகிட்ட நிக்கிறேன். கையில ஒரு பை இருக்கு, இடது பக்கம் வைக்கிறேன்" என்கிறாள். உள்ளேயிருந்து "ம்" என்று குரல் வந்த பிறகுதான் செருப்பைக் கழற்றுகிறாள்.