செந்தமிழின் ஆங்கிலக் கடிதம்

செந்தமிழை நானும் சந்தேகப்பட்டேன். அதை மறைக்கப் போவதில்லை. 2005 செப்டம்பரில் எங்கள் மரக்காணம் உப்பளத்தில் அவளைச் சந்தேகப்படாதவர் யாரும் இல்லை.

அவளுக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. அப்பா கட்சிக்காரர், அதனால் அந்தப் பெயர். பத்தாவது வரை படித்துவிட்டுக் கல்யாணமாகி உப்பு வாரும் வேலைக்கு வந்தவள். கணவன் உப்பு லாரியில் மூட்டை ஏற்றுகிறவன்; வாரத்தில் நாலு நாள் வெளியூரில் இருப்பான். விடியும் முன்பே உப்பு வாரும் பலகையோடு பாத்தியில் இறங்கினால் பத்து மணிக்குத்தான் கரையேறுவாள். உப்புத் தண்ணீரில் நிற்கிற எல்லோருக்கும் வரும் வெடிப்பு அவள் காலிலும் இருந்தது. அதற்குக் களிம்பு கேட்டு என்னிடம் வருவாள். பழக்கம் அவ்வளவுதான்.

நான் நர்ஸ் இல்லை. புதுச்சேரியில் கன்னியாஸ்திரீகள் நடத்திய ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பராமரிக்கப் பயிற்சி எடுத்து, அங்கேயே முப்பது வருடம் வேலை செய்தவள். பெயர் அன்னமேரி. மரக்காணத்தில் எல்லோரும் நர்சம்மா என்றார்கள். திருத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். அந்த வருடம் உப்பள முதலாளி பலராமன் வீட்டில் இருந்தேன். அவருடைய அப்பா கண்ணாயிரம் பக்கவாதத்தில் படுத்திருந்தார். வலப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போட வேண்டும், துடைக்க வேண்டும், ஊட்ட வேண்டும். வீடு உப்பளத்தை ஒட்டியே இருந்ததால் அவர் கட்டிலருகே ஜன்னலில் நின்றால் பாத்தி வரிசை தெளிவாகத் தெரியும்.

அந்த ஜன்னலிலிருந்துதான் செந்தமிழின் வாய் அசைவதைப் பார்த்தேன். பலகையை இழுக்கும்போது ஒரு வார்த்தை, தள்ளும்போது ஒரு வார்த்தை. பக்கத்தில் ஆள் வந்தால் நின்றுவிடும். ஆள் நகர்ந்தால் மறுபடி ஆரம்பிக்கும். காற்று இந்தப் பக்கம் அடித்த ஒருநாள் காதில் விழுந்தது: கோ, வென்ட், கான். கம், கேம், கம்.

கூட வேலை செய்த பெண்கள் காத்து கருப்பு என்றார்கள். மேஸ்திரி பக்கிரி, இடுப்பில் செல்போன் வைத்திருக்கிறாள், யாரிடமோ பேசுகிறாள் என்றான். ஒருநாள் வரப்பில் நின்றுகொண்டு எல்லோர் காதிலும் விழும்படி கேட்டான்.

"பேரு செந்தமிழு, வாயில இங்கிலீசு. உப்புகிட்ட இன்னாம்மா பேசுற?"

"மேஸ்திரி பேச்சு உப்பு சப்பில்லாம இருக்குதுன்னு சொல்லிக்கினு இருக்கேன்" என்றாள். பெண்கள் சிரித்தார்கள். பக்கிரி சிரிக்கவில்லை. அவன் மறக்கிற ஆளும் இல்லை.

களிம்பு வாங்க வரும்போது டியூபின் மேல் எழுதியிருப்பதை எப்படிப் படிப்பது என்று என்னைக் கேட்பாள். நான் சொன்னால் உதட்டை அசைத்து இரண்டு தடவை சொல்லிப் பார்ப்பாள். எதற்கு என்று கேட்டால் "சும்மா" என்பாள். நோயாளிகளின் சொந்தக்காரர்கள் எத்தனையோ பேர் என்னிடம் சும்மா கேட்டிருக்கிறார்கள். ஒருவர்கூடச் சும்மா கேட்டதில்லை.

அப்புறம் ஒருநாள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் அவளைப் பார்த்தேன். வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் குயிலாப்பாளையம் பக்கத்திலிருந்து மோட்டார் பைக்கில் வந்த வெள்ளைக்காரத் தம்பதியிடம் பேசிக்கொண்டிருந்தாள். கையை நீட்டிக் காட்டுகிறாள், அவர்கள் தலையை ஆட்டுகிறார்கள். வீட்டு வேலைக்கென்று வெளிநாடு போய் உருக்குலைந்து திரும்பிய பெண்களுக்கு நான் பணிவிடை செய்திருக்கிறேன். இவளையும் யாரோ அழைத்துப் போகப் பேசுகிறார்கள் என்றுதான் எனக்குப் பட்டது.

பலராமனுக்கு வந்த சந்தேகம் வேறு. சுனாமிக்குப் பிறகு உப்பளத் தொழிலாளர்களுக்கு நிவாரணச் சாமான் வந்தபோது, அவர் கொடுத்த பட்டியலில் பாத்திக்குள் கால் வைக்காத பங்காளிகள் பெயரெல்லாம் இருந்தன. மார்ச் மாதம் தாலுகா ஆபீசுக்கு யாரோ மொட்டைப் பெட்டிஷன் போட்டார்கள். விசாரணை வந்தது. எப்படியோ தப்பித்தார். அன்றிலிருந்து தொழிலாளி கையில் காகிதத்தைக் கண்டாலே அவருக்கு முகம் மாறும்.

செப்டம்பர் கடைசி வாரம், வெள்ளிக்கிழமை. உப்புக் குவியலை மூடும் கீற்றுக்கடியில் செந்தமிழ் ஒளித்து வைத்திருந்த மஞ்சள் பையைப் பக்கிரி கண்டுபிடித்தான். உள்ளே ஒரு நோட்டு. பக்கிரிக்கு ஆங்கிலம் எழுத்துக் கூட்டத்தான் வரும். ஆனால் கலெக்டர் என்ற வார்த்தையை அவன் கூட்டிவிட்டான். நோட்டு நேராக முதலாளி கைக்குப் போனது. அவருக்கு ஆங்கிலத்தில் லாரி நம்பருக்கு மேல் படிக்க வராது. மகள் சரண்யா திண்டிவனத்தில் ஹாஸ்டலில் தங்கிப் பத்தாவது படிக்கிறாள், நாளைக்குத்தான் வருவாள். அதுவரை பொறுக்க முடியாமல் என்னிடம் கொண்டுவந்தார்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். விழுப்புரம் கலெக்டருக்குக் கடிதம். உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லை, காலை நாலு மணியிலிருந்து நிற்கும் பெண்கள் இரண்டு கிலோமீட்டர் நடந்து குடம் சுமக்கிறார்கள், உடனே நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று இருந்தது. தவறுகள் இருந்தாலும் விஷயம் தெளிவு. இருப்பதை இருப்பதுபோலச் சொன்னேன்.

"பேரு?"

"பேரு இல்லீங்க தம்பி. பேரு இருக்க வேண்டிய எடத்துல மூணு பெருக்கல் குறி."

"மொட்டைப் பெட்டிஷன்" என்றார் பலராமன். "மார்ச்சுல போட்டதும் இவதான்."

அவளிடம் முதலில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சொல்லியிருக்கலாம். நான் கேட்கவில்லை.

செந்தமிழைக் கூப்பிட்டுவிட்டார்கள். உப்புக் காலோடு வாசல்படியில் நின்றாள். யார் எழுதச் சொன்னது என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை, சும்மா எழுதிப் பார்த்தேன் என்றாள். கலெக்டருக்குச் சும்மா எழுதுவார்களா என்று கேட்டார். நாளையிலிருந்து வேலைக்கு வராதே என்றார். அதற்குத் தலையை ஆட்டிக்கொண்டாள்.

"நோட்ட மட்டும் குடுத்துடுங்க, மொதலாளி."

"அதான் சாட்சியே. வக்கீல்கிட்ட காட்டணும்."

"நோட்டு வேணுங்க."

மூன்று தடவை கேட்டாள். அவர் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். எனக்கு அங்கேதான் இடித்தது. வேலை போனதற்கு ஒரு வார்த்தை பேசாதவள், நாற்பது பக்க நோட்டுக்கு ஏன் கெஞ்சுகிறாள்? அதில் இன்னும் பெரிதாக ஏதோ இருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

சனிக்கிழமை காலையில் பின்கட்டு வழியாக வந்தாள். ஜன்னலருகே நின்று, பெரியவருக்கு நான் கஞ்சி ஊட்டி முடிக்கும்வரை காத்திருந்தாள். பிறகு சொன்னாள். நோட்டின் அட்டைக்கும் பிளாஸ்டிக் உறைக்கும் நடுவில் ஹால் டிக்கெட் இருக்கிறது. திங்கட்கிழமை பத்து மணிக்குத் திண்டிவனத்தில் பத்தாவது ஆங்கிலப் பரீட்சை. மற்ற பாடமெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்தபோதே பாஸ். இது ஒன்றுதான் நிற்கிறது. அவள் ஊர் அங்கன்வாடியில் டீச்சர் வேலை காலியாகப் போகிறது. பத்தாவது பாஸ் செய்திருக்க வேண்டும், முப்பத்தைந்து வயதைத் தாண்டக் கூடாது. வேலைக்கு ஆள் எடுக்கும்போது அவளுக்கு முப்பத்தைந்து நடந்துகொண்டிருக்கும். இந்தத் தடவை எழுதாவிட்டால் வயது போய்விடும்.

"இதை அங்கயே சொல்றதுக்கு இன்னாடி?" என்றேன்.

"நாலு வாட்டி ஃபெயிலு நர்சம்மா. அஞ்சாவது வாட்டி எழுதறேன்னு அந்த பக்கிரி முன்னால சொல்லச் சொல்றீங்களா? சாவற வரைக்கும் வரப்புல நின்னு கத்துவான்."

"பரீட்சைக்குப் படிக்கிறவ கலெக்டருக்கு இன்னாத்துக்கு எழுதற?"

"கேள்வில அதான் வரும்."

நான் நம்பவில்லை. தலையணைக்கடியில் வெல்லத்தை வைத்துக்கொண்டு சர்க்கரை எப்படி ஏறியதென்றே தெரியவில்லை என்று சொல்லும் நோயாளிகளோடு காலம் தள்ளியவள் நான். பார்க்கிறேன் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

அன்று மாலை சரண்யா காலாண்டு விடுமுறைக்கு வந்தாள். நல்ல ஃபேன் தாத்தா அறையில்தான் என்பதால் அங்கேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து மனப்பாடம் செய்தாள். ஒரே ராகம், மூச்சு விடாமல். நான் பெரியவரின் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நடுவில் "டு த கலெக்டர்" என்று கேட்டது.

ஈரத்துணியை வைத்துவிட்டு நோட்டை வாங்கிப் பார்த்தேன். வரிசையாக ஆறேழு கடிதங்கள். தெருவிளக்கு எரியவில்லை, குப்பை அள்ளவில்லை, கொசுத் தொல்லை, எங்கள் தெருவுக்குக் குடிநீர் இல்லை. ஒவ்வொன்றின் அடியிலும் அதே மூன்று பெருக்கல்.

"இது இன்னா கண்ணு, பேரு எழுத மாட்டீங்களா?"

"பேரு எழுதினா யார் பேப்பர்னு தெரிஞ்சிடும் நர்சம்மா. பேப்பரையே கேன்சல் பண்ணிடுவாங்க. எல்லாரும் எக்ஸ் எக்ஸ் எக்ஸ்தான் போடணும்."

ஞாயிற்றுக்கிழமை காலை பலராமன் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சரண்யாவையும் அவள் நோட்டையும் கொண்டுபோய் நிறுத்தினேன். எனக்குச் சொன்னதையே அப்பாவிடமும் சொல்லிவிட்டு அவள் குளிக்கப் போய்விட்டாள். பலராமன் கையைக் கழுவிவிட்டு வந்து பீரோவைத் திறந்தார். இரண்டு நோட்டையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். படிக்க வராவிட்டாலும் வரியின் மேல் விரலை ஓட்டி, இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று என்று பொருத்திப் பார்த்தார். தொடக்கம் ஒத்துப்போனது. முடிவும் பெருக்கலும் ஒத்துப்போயின. நடுவில் விரல் நின்றது.

"இங்க இவளுது நாலு வரி கூட இருக்குதே. ரெண்டும் ஒண்ணுதானா?"

நானும் அந்த நாலு வரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சரண்யா கடிதத்தில் வெறும் தெரு. செந்தமிழ் கடிதத்தில் உப்பளம், நாலு மணி, பெண்கள், இரண்டு கிலோமீட்டர். எந்தப் பாடப்புத்தகத்திலும் கைடிலும் இவை இருக்காது. மார்ச் மாதப் பெட்டிஷனும் இவள் வேலையாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது, மறுநாள் பத்து மணிக்குப் பரீட்சை என்பது.

"பரீட்சைக் கடிதம்தாங்க தம்பி. இவ கொஞ்சம் நீட்டி எழுதியிருக்கா" என்றேன்.

பொய் இல்லை. முழுசும் இல்லை.

நாளைக்கு அவளுக்குப் பரீட்சை, உறைக்குள் ஹால் டிக்கெட் இருக்கிறது என்றும் சொன்னேன். அவர் உறையைப் பிரித்து அதை எடுத்தார். போட்டோவைப் பார்த்தார், பின்பக்கத்தைப் பார்த்தார், ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பிறகு உள்ளே செருகி என்னிடம் நீட்டினார். வேலைக்கு வரட்டும், ஆனால் உப்பளத்துக்குள் பேப்பர், பேனா எதுவும் வரக்கூடாது என்று சொல்லச் சொன்னார்.

மதியம் பெரியவர் தூங்கியதும் அவள் வீட்டுக்கு நடந்தேன். நோட்டை வாங்கியவள் முதலில் ஹால் டிக்கெட் நம்பரைச் சரிபார்த்தாள். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். அந்த வெள்ளைக்காரர்கள் யார் என்று கேட்டேன். கோயிலுக்கு வழி கேட்டார்கள், இடது வலது சொல்லிப் பழகினேன் என்றாள். சரி, அந்த நாலு வரி?

"கைடுல இருக்கிற தெருவ நான் கண்டனா நர்சம்மா? பத்து நாள் படிச்சும் நிக்கல. நம்ம உப்பளத்துத் தண்ணிய எழுதினேன், ஒரே நாள்ல வந்துடுச்சு. இப்ப தூக்கத்துல கேட்டாலும் சொல்வேன்."

நியாயமாகத்தான் இருந்தது. ஆனாலும் கேட்டேன். "அனுப்பற எண்ணம் இருந்துச்சா, இல்லையா?"

டம்ளரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"மொதல்ல பாஸ் பண்றேன்" என்றாள்.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் போனாள். நவம்பரில் முடிவு வந்தது. முப்பத்தெட்டு. பாஸுக்கு வேண்டியதைவிட மூன்று கூட. பக்கிரிக்கு அவளே போய்ச் சொன்னாள். ஆறு மாதத்தில் அங்கன்வாடி வேலையும் கிடைத்தது. உப்புத் தண்ணீரில் நிற்பது நின்றதும் கால் வெடிப்பு ஆறியது. களிம்புக்கு வருவதும் நின்றது.

2006 ஆகஸ்டில் ஒருநாள் மதியம் பலராமன் கையில் ஒரு காகிதத்தோடு தாலுகா ஆபீசிலிருந்து வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்பாவின் அறைக்குள் வந்து அதை என்னிடம் நீட்டினார். கலெக்டருக்குப் போன மனுவின் நகல். உப்பளத்தில் குடிதண்ணீர் இல்லை, நாலு மணியிலிருந்து நிற்கும் பெண்கள் இரண்டு கிலோமீட்டர் நடந்து குடம் சுமக்கிறார்கள். அடியில் இருபத்து இரண்டு பேர். முதல் கையெழுத்து செந்தமிழுடையது, அங்கன்வாடி விலாசத்தோடு.

"இது அந்த நோட்டுல இருந்ததுதானே, நர்சம்மா? அன்னைக்கே உங்களுக்குத் தெரியுமா?"

"அது இங்கிலீஷு, இது தமிழு. அதுல பேரு இல்ல. இதுல இருக்குது பாருங்க" என்றேன்.

அன்று ஹால் டிக்கெட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தது போல என்னைப் பார்த்தார். மணி பன்னிரண்டாகியிருந்தது, புரட்டிப் போடும் நேரம். பெரியவரின் தோளுக்கடியில் கையைக் கொடுத்து, அவரை இடப்பக்கமாகப் புரட்டினேன்.