டிராகன் குகையில் சாம்பிராணி

வெள்ளிக்கிழமை. மோர்டன் ஊரிலுள்ள என் வீட்டில் சாம்பிராணி போட்டதுமே கூரையிலிருந்த புகை அலாரம் கத்தத் தொடங்கியது. துவாய்த் துண்டால் விசிறியபடி நின்ற நான் நினைவில் ஒரு டிராகன் குகைக்குப் போய்விட்டேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. சிறுவர்களுக்கான மாயாஜாலப் படமொன்றின் இரண்டாம் பாகத்தை எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி மண்டபத்தில் எடுத்தார்கள். காசில்லாத கொம்பனி. குகை கறுப்புத் துணி, டிராகன் பச்சை ரப்பர். குட்டிப் பூதங்களாகப் பள்ளிப் பிள்ளைகளையே பிடித்திருந்தார்கள். நானும் ஒரு பூதம். டிராகன் மூச்சுவிட வேண்டிய நேரம் பார்த்துப் புகை மெஷின் படுத்துவிட்டது. வெள்ளைக்கார இயக்குநர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

எனக்காகக் காத்திருந்த அம்மா எழுந்தார். "பொறுங்கோ, வாறன்" என்று அந்த வெள்ளைக்காரரிடம் தமிழிலேயே சொல்லிவிட்டு, பக்கத்துத் தெருவிலிருந்த எங்கள் வீட்டுக்குப் போய், தணலும் சாம்பிராணியுமாகத் திரும்பினார். டிராகனின் வாய்க்குப் பின்னால் குந்தியிருந்து விசிறினார். குகை முழுக்கக் கோயில் வாசம்.

படம் வந்ததும் ஒரு பத்திரிகை அதைக் கிழித்துத் தொங்கவிட்டது. முதல் பாகமே பரவாயில்லை, இதில் டிராகனின் மூச்சு மட்டும்தான் உண்மையாக இருக்கிறது என்று எழுதியிருந்தது.

"ஐஞ்சு நட்சத்திரத்துக்கு ஒண்டுதான் குடுத்திருக்கிறாங்கள்" என்றார் அப்பா, கவலையாக.

"அந்த ஒண்டு என்ர புகைக்கு" என்றார் அம்மா, தோசையைப் புரட்டிக்கொண்டே. அதன்பிறகு எங்கள் வீட்டுக்கு வந்த எவரும் அந்தக் காட்சியைப் பார்க்காமல் தேத்தண்ணி குடித்ததில்லை.

அலாரம் இன்னும் கத்திக்கொண்டிருந்தது. துவாயைக் கீழே வைத்துவிட்டு, தணலில் இன்னுமொரு பிடி சாம்பிராணி போட்டேன்.