டிஸ்கோ சம்சாரம்

2002-ஆம் வருடம், ஆடி மாதம். அரியலூருக்குப் பக்கத்தில் ரெட்டிபாளையத்தில் குடியிருந்தோம். என் கணவருக்கு அங்கே சிமெண்ட் ஆலையில் மூட்டை தூக்குகிற வேலை. நான் எட்டாவதோடு நின்றவள். வீடு, கோயில், செவ்வாய் வெள்ளி விரதம், இவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

கல்யாணத்துக்கு முன்பு, எண்பதுகளில், என் கணவர் அரியலூரில் ஒரு ஆர்கெஸ்ட்ராவில் டிரம்ஸ் அடித்தவர். தோள் வரைக்கும் முடி, தெருவைக் கூட்டிக்கொண்டு போகிற மாதிரி பெல்பாட்டம், கறுப்புக் கண்ணாடி. ஊரே அவரை ‘டிஸ்கோ’ என்றுதான் கூப்பிடும். சொந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போன மறுநாளே யாரோ என் அப்பாவிடம், “ஏங்க, போயும் போயும் டிஸ்கோவுக்கா பொண்ணு கொடுக்கறீங்க?” என்று கேட்டுவிட்டார்கள். அது என் மனசில் முள்ளாகத் தைத்துவிட்டது. முதல் வருடமே சமயபுரத்தாளுக்கு வேண்டிக்கொண்டு அவர் முடியைக் காணிக்கை கொடுக்க வைத்தேன். அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு யாரும் வாசல் ஏறக் கூடாது என்றும் சொல்லிவிட்டேன். அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை.

வெளிநாட்டு ராக் பாட்டுக்காரர்கள் படங்களை இங்கிலீஷ் பத்திரிகைகளிலிருந்து வெட்டி, ஒரு நோட்டில் சோற்றைத் தேய்த்து ஒட்டி வைத்திருந்தார். எப்போதாவது எடுத்து, “இந்த ஆளு டிரம்ஸ் அடிச்சா இடி இறங்குற மாதிரி இருக்கும்” என்று காட்டுவார்.

“இவங்கல்லாம் எண்ணெ தேச்சுக் குளிப்பாங்களா?” என்று கேட்பேன். சிரித்துவிட்டு நோட்டை மூடிவிடுவார்.

அந்த வருடம் போகிக்கு வீட்டை ஒதுக்கும்போது பரண்மேல் பழைய கைலியில் சுற்றிய தட்டு ஒன்று கிடைத்தது. களிம்பு ஏறி, நடுவில் ஓட்டையோடு இருந்தது. ஓட்டைத் தட்டு வீட்டில் இருந்தால் ஆகாதே என்று, அரியலூர் கடைவீதியில் ஒரு பாத்திரக் கடையில் எடைக்குப் போட்டுவிட்டு, மாற்றாக ஒரு குத்துவிளக்கு வாங்கி வந்தேன். வெள்ளிக்கிழமை அதை ஏற்றும்போதெல்லாம் மனசு நிறைந்துபோகும்.

ஆடி கடைசி வெள்ளிக்கு எங்கள் தெரு மாரியம்மன் கோயிலில் வாசிப்பதற்காக, அவருடைய பழைய ஆர்கெஸ்ட்ராக்காரர்கள் பதினைந்து வருடம் கழித்து ஒன்று சேர்ந்தார்கள். இரண்டு நாள் முன்னதாகவே வீட்டுக்கு வந்துவிட்டார்கள். இரவல் டிரம்ஸ் செட்டு. அதில் குச்சியால் தட்டினால் ‘ஜிங்’கென்று அதிர்கிற சிம்பல் தட்டு மட்டும் விரிசல் விட்டிருந்தது.

“நம்ம பழைய தட்டு எங்கிட்ட பத்திரமா இருக்குடா” என்று சொல்லிவிட்டு என் கணவர் பரண் ஏறினார். வெறும் கைலியோடு இறங்கினார். “ஏ புள்ள, இதுல இருந்த சிம்பல் எங்க?”

குத்துவிளக்கைக் காட்டினேன்.

கைலியை மடித்து வைத்தார். “சரி வுடு. சாமிக்குத்தானே போயிருக்கு” என்றார். ஆனால் வெளியே போய் நண்பர்களிடம், “நான் வாசிக்கலடா. இப்பல்லாம் கை வராது” என்று சொன்னது என் காதில் விழுந்தது. அவர்களில் ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “தங்கச்சி, ஆர்கெஸ்ட்ராவைக் கலைச்சப்ப அவன் வேற எதுவும் கேக்கல. அந்தத் தட்டை மட்டுந்தான் கேட்டு வாங்கிட்டுப் போனான்” என்றார்.

மறுநாள் காலையில், குத்துவிளக்கை ஒயர் கூடையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். இந்நேரம் தட்டை உருக்கியிருப்பார்களே ஆத்தா என்று வழியெல்லாம் வேண்டுதல். கடை வாசலில் இறங்கிப் பார்த்தால், சாமி படத்துக்குக் கீழே அது கயிற்றில் தொங்கியது! கடைக்காரர் சூடம் காட்டி முடித்து அதை ஒரு தட்டு தட்டினார். கடையே அதிர்ந்தது.

“அண்ணே, இந்த விளக்கை வச்சுக்கிட்டு அந்தத் தட்டைக் கொடுத்துடுங்க.”

“அதெப்படிம்மா? உருக்கப் போன மூட்டையிலருந்து நானே உருவி எடுத்தது. தை மாசத்துலருந்து அதைத் தட்டித்தான் கல்லாவுல உக்கார்றேன். கோயில் மணி தோத்துச்சு போங்க. அதை மட்டும் கேக்காதீங்க.”

“எங்க வூட்டுக்காரரு டிரம்ஸ் அடிச்சவருங்க. அவரோடது. நாளைக்கு ரெட்டிபாளையம் மாரியம்மன் கோயில்ல அவரு வாசிக்கணும்.”

“யாரு உங்க வூட்டுக்காரரு?”

பெயரைச் சொன்னேன். உதட்டைப் பிதுக்கினார். வேலை பார்க்கும் இடத்தைச் சொன்னேன். அதற்கும் அதேதான். பாத்திரம் வாங்க வந்த பெண்கள் எல்லாம் என்னையே பார்த்தார்கள். என் வாயால் ஒருநாளும் சொல்லாததைச் சொன்னேன்.

“நான்... டிஸ்கோ சம்சாரம்ங்க.”

கடைக்காரர் எழுந்து நின்றுவிட்டார். “டிஸ்கோ அண்ணன் தட்டா இது! அவரு மாதிரி முடி வளர்த்து, இதே கடையில எங்கப்பாருகிட்ட கரண்டியால அடி வாங்கினவன்மா நான்!” என்றார். கயிற்றை அவிழ்த்துத் தட்டைத் துடைத்து இரண்டு கையாலும் கொடுத்தார். விளக்கை நீட்டினேன். “ஏத்தின விளக்கைத் திருப்பி வாங்குனா ஆத்தா சும்மா வுடுமா? ரெண்டையும் கொண்டு போங்க. நாளைக்கு எனக்கு முன்வரிசையில ஒரு எடம் போட்டு வைங்க, போதும்.”

வீட்டில் தட்டைக் கொடுத்ததும் என் கணவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “புளி போட்டு வெளக்கித் தரட்டுங்களா?” என்றேன்.

“ஐயையோ, கிட்ட வராத! சத்தம் போயிடும்!” என்று நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை, பொழுது சாயும் நேரம். அம்மன் அலங்காரத்தோடு இருந்தாள். முன்மண்டை வழுக்கையும் வெள்ளை வேட்டியுமாக என் கணவர் டிரம்ஸ் முன்னால் உட்கார்ந்தார். கண்ணை மூடினார். முதல் அடி விழுந்ததும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இந்தக் கைக்கா இத்தனை வருடம் மூட்டை தூக்குகிற கை என்று மட்டும் பெயர் வைத்திருந்தேன்? கடைசியில் அந்தத் தட்டு ‘ஜிங்’கென்று அதிர, முன்வரிசையிலிருந்து பாத்திரக் கடைக்காரர், “டிஸ்கோ!” என்று கத்தினார். கூட்டம் முழுக்க அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டது.

என் கணவர் சட்டென்று என்னைத்தான் பார்த்தார். நான் கோபித்துக்கொள்வேனோ என்ற பயம் அந்தக் கண்ணில் இருந்தது. நான் எழுந்து நின்றேன். கும்பிடுவதா, கை தட்டுவதா என்று தெரியவில்லை. தொண்டை கிழியக் குலவை போட்டேன்.

இப்போது அந்தத் தட்டு எங்கள் சாமி மாடத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. வெள்ளிக்கிழமை நான் விளக்கேற்றியதும் அவர் அதை ஒரு தட்டு தட்டுவார். யாராவது தெருவில் நின்று, “டிஸ்கோ வூடு எதுங்க?” என்று கேட்டால் நானே வாசலுக்கு ஓடுகிறேன். ஆத்தாளுக்கு அவர் முடியைத்தான் நேர்ந்துகொண்டேன், பெயரைப் பறித்தது நான்தான். அதைத் திருப்பிக் கொடுக்க எனக்கு ஒரு வாய்ப்பு கொடுத்தாளே என்று ஒவ்வொரு முறை அந்தத் தட்டு அதிரும்போதும் நினைத்துக்கொள்கிறேன்.